எட்மன்டன் குளிருக்கு ஓல் சீசன் டயர் காணுமா, வின்டர் டயர் வேண்டுமா?

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கிவிட்டுத் தொடங்குகிறேன். வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்று நவம்பரில் கனடாவின் எட்மன்டனுக்குப் போகிறது. அங்கே 2016 கொரோலா ஒன்று பேசி வைத்தாயிற்று. அதில் இருப்பது ஓல் சீசன் டயர், அளவு 205/55 ஆர்16. ரொறன்ரோவில் இருக்கும் மாமா "ஓல் சீசனே காணும், வீண் செலவு செய்யாதே" என்கிறார். எட்மன்டனில் இருக்கும் சிநேகிதர் "வின்டர் டயர் போடாமல் வண்டியை எடுக்காதே" என்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: கொழும்பில் தம்பியிடம் விட்டுப் போகும் டொயோட்டா அக்வாவில், ஜப்பானில் இருந்து இறங்கியபோது இருந்த அதே "ஸ்டட்லெஸ்" டயர்கள், அதாவது ஆணி இல்லாத வின்டர் டயர்கள், இருக்கின்றன. பனிக்கே பிடிக்கும் டயர் என்றால் நம் மழைக்கு இன்னும் நல்லதுதானே?

எட்மன்டனுக்கு வின்டர் டயர் போடுங்கள், நாலு சில்லுக்கும். மாமா சொல்வது அவருடைய ஊருக்குப் பாதி சரி, உங்கள் ஊருக்குச் சரிவராது. கொழும்பு அக்வாவில் இருந்து ஸ்டட்லெஸ்ஸைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போடுங்கள். இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றுதான். எந்த வெப்பநிலையில் வேலை செய்யவென்று இறப்பரைக் கலந்தார்களோ, அந்த வெப்பநிலையில்தான் அது தெருவைப் பிடிக்கும். பனி கொட்டுகிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

டயர் தெருவைப் பிடிப்பதற்கு அதன் மேற்பரப்பு தாரின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் நெளிந்து இறங்க வேண்டும். குளிர் கூடக் கூட இறப்பர் இறுகும், நெளியாது. கொழும்பில் தண்ணீராக ஓடும் தேங்காய் எண்ணெய் நுவரெலியாவில் போத்தலுக்குள் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இறப்பர் அப்படித் திடீரென்று உறைவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துக்கொண்டே போகும். களுத்துறையிலும் கேகாலையிலும் வெட்டும் இயற்கை இறப்பர் முழுக்கக் கண்ணாடி போல ஆவதற்கு ஏறக்குறைய −70 பாகை வேண்டும். பொலிபியூட்டடையீன் என்ற செயற்கை இறப்பர் அதற்கும் கீழே, −100 பாகைக்குக் கிட்டப் போகும். கார் டயர்களில் அதிகம் சேரும் ஸ்டைரீன் கலந்த இறப்பர் அவ்வளவு தாங்காது. ஆனால் அது வெயிலிலும் ஈரத் தாரிலும் நன்றாகப் பிடிக்கும், கெதியாகத் தேயாது. வின்டர் டயரில் முதல் இரண்டையும் கூட்டி, சிலிக்காவையும் எண்ணெயையும் சேர்த்து, ஆழக் குளிரிலும் இறுகாமல் மெதுமெதுப்பாக இருக்கும்படி கலக்கிறார்கள். ஓல் சீசனில் கோடையையும் தாங்க வேண்டும், எண்பதாயிரம் கிலோமீற்றர் உத்தரவாதமும் கொடுக்க வேண்டும் என்பதால் கலவை கடினமான பக்கம் சாய்கிறது.

இறப்பர் முழுக்கக் கண்ணாடியாகும் மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. அதற்குப் பல பத்துப் பாகைகள் மேலேயே பிடி குறையத் தொடங்கிவிடும். 7 பாகைக்குக் கீழே போனால் வின்டர் டயர் போடு என்று எல்லோரும் சொல்லும் கணக்கு இதில் இருந்து வந்ததுதான். 7 பாகையில் ஏதோ கதவு மூடுகிறது என்று நினைக்க வேண்டாம், அது ஒரு கைக்கணக்கு. ஒரு நல்ல ஓல் சீசன் 3 பாகையில் உலர்ந்த தெருவில் பிசகாமல் ஓடும். −5 பாகையில் இளகிய பனியிலும் சமாளிக்கும். −25 பாகையில் அதே டயரின் மேற்பரப்பில் உள்ள இறப்பர்க் கட்டைகள் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும். அப்போது தெருவில் பனி இருக்க வேண்டும் என்றும் இல்லை. வெறும் உலர்ந்த தாரிலேயே பிரேக் தூரம் கூடும். எட்மன்டனில் ஜனவரி இரவுகள் சராசரியாக −15 அளவில் இருக்கும், அனேகமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில நாள் −30ஐத் தொடும். ரொறன்ரோவின் ஜனவரி இதோடு ஒப்பிட்டால் மிதமானது, தெருக்களும் உப்புப் போட்டு அடிக்கடி துடைக்கப்படும். மாமாவின் அனுபவம் பொய்யில்லை, வேறு காலநிலையின் அனுபவம்.

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள், கடைக்காரர் சொல்வதை விட அது நம்பகமானது. "எம் பிளஸ் எஸ்" என்று இருந்தால் சேற்றுக்கும் பனிக்கும் என்று அர்த்தம் சொல்வார்கள். அது ட்ரெட்டின், அதாவது டயர்ப் பூவின், கோலத்தையும் இடைவெளி அளவையும் வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் அடையாளம். அதற்காக எந்த ஓட்டச் சோதனையும் இல்லை. அனேகமாக எல்லா ஓல் சீசனிலும் இது இருக்கும். உங்கள் கொரோலா டயரிலும் இருக்கும், அதைக் காட்டி "இது பனி டயர்தான்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். பார்க்க வேண்டியது மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனிப்பூவும் வரைந்த முத்திரை. 1999இல் வட அமெரிக்காவில் தொடங்கியது. இதைப் போட வேண்டுமென்றால் இறுகிய பனியில் ஓடிப் பார்த்து, ஒப்பீட்டு டயரை விடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலான இழுவை காட்ட வேண்டும். ஜேர்மனியில் 2024 ஒக்டோபரில் இருந்து குளிர்காலத் தெருவுக்கு இந்த முத்திரை உள்ள டயர்தான் செல்லும், வெறும் எம் பிளஸ் எஸ் செல்லாது.

ஆனால் அந்த முத்திரைக்கும் ஒரு எல்லை உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. வட அமெரிக்காவில் அதற்கான சோதனை, பனியில் எவ்வளவு நன்றாக முன்னே இழுக்கிறது என்பதுதான். ஐஸில் பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும், வளைவில் வழுக்குமா, −30இல் இறப்பர் எப்படி இருக்கும் என்பதை அது சோதிப்பதில்லை. ஆகவே ஒரே முத்திரை உள்ள இரண்டு டயர்கள் எட்மன்டன் சந்தியில் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளலாம்.

இங்கேதான் மூன்றாவது இனம் ஒன்று வந்து குழப்பும்: ஓல் வெதர் டயர். பெயர் ஓல் சீசன் போலவே கேட்கும், பொருள் வேறு. மிஷெலின் குரொஸ்கிளைமேட் 2, டோயோ செல்சியஸ், நொக்கியனின் டபிள்யூ.ஆர் வரிசை எல்லாம் இந்த இனம். மலைப் பனிப்பூ முத்திரை இருக்கும், வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓடலாம். வன்கூவர், ரொறன்ரோ மாதிரி குளிர் அதிகம் −10ஐத் தாண்டாத இடத்தில், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் கிலோமீற்றர் ஓடும் ஆளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மாமாவுக்கும் அடுத்த முறை இதையே போடச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார். எட்மன்டன், சஸ்கட்டூன், வின்னிபெக் போன்ற ஊர்களில் இது சமரசம்தான்: புதுப் பனியில் நன்றாக இழுக்கும், ஆனால் சந்தியில் ஆயிரம் கார்கள் நின்று புறப்பட்டு மெருகேற்றி வைத்த ஐஸில் முழு வின்டர் டயரோடு போட்டி போட முடியாது.

அந்தச் சந்தி ஐஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் இருந்து போகிறவர்களை முதல் மாதம் கவிழ்ப்பது அதுதான். குளிர் கூடினால் ஐஸ் கூடுதலாக வழுக்கும் என்றுதான் எவரும் நினைப்போம். உண்மை மறுதலை. 0 பாகைக்குக் கிட்டே ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், டயர் அதன் மேல் மிதக்கும், பிடி அநேகமாக இல்லை. −25இல் ஐஸ் காய்ந்து கிடக்கும், அப்போது இறப்பர் மெதுமெதுப்பாக இருந்தால் ஓரளவு பிடிக்கும். ஸ்டட்லெஸ் வின்டர் டயரின் முழுத் தந்திரமும் அந்த நீர்ப்படலத்தை அகற்றுவதில்தான் இருக்கிறது. கட்டைகளின் மேல் நெருக்கமாக, அலை அலையாக வெட்டிய மெல்லிய கீறல்கள் தண்ணீரை வாங்கிக்கொள்ளும்; கீறல்களின் விளிம்புகள் ஐஸைச் சுரண்டும். பிரிட்ஜ்ஸ்டோன் தன் பிளிசாக் டயரில், 1988இல் ஜப்பானில் வந்தது, நுண்துளைகள் நிறைந்த இறப்பரால் தண்ணீரை உறிஞ்ச வைக்கிறது. டோயோ வால்நட் ஓட்டுத் தூளைக் கலக்கிறது. ஜப்பானில் உலோக ஆணி பதித்த டயர்கள் உலர்ந்த தாரைச் சுரண்டி ஊரெல்லாம் தூசு கிளப்பியதால் 1990இல் சட்டம் போட்டு அவற்றைக் கட்டுப்படுத்தினார்கள்; ஆணியில்லா டயரில் அந்த நாடு இவ்வளவு தூரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தூரக் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக்கை முழுதாக அழுத்தினால், உராய்வு 0.8 ஆக இருக்கும் உலர்ந்த தாரில் 12 மீற்றரில் நிற்கும். உராய்வு 0.25 ஆன இறுகிய பனியில் 39 மீற்றர். 0.1 ஆன ஈர ஐஸில் 98 மீற்றர். கொழும்பின் காலி வீதியில் நூறு மீற்றர் என்பது ஒரு பஸ் தரிப்பில் இருந்து அடுத்த சந்தி வரை. வின்டர் டயர் இந்த உராய்வை ஒரு படி உயர்த்தும், தாராக மாற்றாது. முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையில் எட்டு, பத்து செக்கன் இடைவெளி விடச் சொல்வது இதனால்தான். நாலு சில்லும் இழுக்கும் வாகனம் வாங்கினால் டயர் தேவையில்லை என்று சொல்வார்கள். அது புறப்பட உதவும். நிற்பதற்கு எல்லாக் காருக்கும் இருப்பது அதே நாலு உள்ளங்கை அகல இறப்பர்தான்.

ஆணி டயர் வேண்டுமா என்று கேட்பீர்கள். எட்மன்டன் இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் தடை இல்லை. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் வடபகுதியில் மட்டும்தான் அனுமதி. ஊருக்கு வெளியே, கிரவல் பாதையில், பனி உருகி இரவில் மீண்டும் உறையும் இடத்தில் தினமும் ஓடுபவருக்கு ஆணி உதவும். கல்கரிப் பக்கம் சினூக் என்ற சூட்டுக் காற்று அடித்து ஒரே நாளில் பனியை உருக்கிவிட்டுப் போகும், இரவில் எல்லாம் ஐஸ். எட்மன்டன் நகருக்குள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட ஸ்டட்லெஸ் காணும். ஆணி உலர்ந்த தாரில் சத்தம் போடும், அங்கே பிரேக் தூரமும் கூடும்.

"முன் சில்லுக்கு மட்டும் இரண்டு வாங்கினால் போதாதா, இழுப்பது முன் சில்லுதானே" என்பது காசு மிச்சம் பிடிக்க எல்லோரும் கேட்பது. போதாது, இன்னும் ஆபத்து. முன்னால் பிடி கூடி, பின்னால் குறைந்தால், வளைவில் பிரேக் பிடிக்கும்போதோ அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கும்போதோ பின்பக்கம் வீசி வண்டி சுழலும். நாலும் ஒரே மாதிரி, ஒரே மொடல், கிட்டத்தட்ட ஒரே தேய்வு.

இனி உங்கள் கொரோலாவுக்கு வருவோம். வின்டருக்கு 16 அங்குலமே வைத்திருக்கலாம். ஆனால் 15 அங்குல ஸ்டீல் ரிம்மில் 195/65 ஆர்15 போடுவது நல்லது (முதல் எண் மி.மீயில் அகலம், அடுத்தது அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம், கடைசி ரிம்மின் அங்குலம்). முழு விட்டம் 205/55 ஆர்16இல் 632 மி.மீ, 195/65 ஆர்15இல் 634 மி.மீ, வேகமானி பிசகாது. ஒடுங்கிய டயர் பனிச் சேற்றை வெட்டிக்கொண்டு தாருக்கு இறங்கும், அகன்றது அதன் மேல் மிதக்கும். பக்கவாட்டு உயரம் கூடுவதால் வசந்தகாலக் குழிகளில் ரிம் அடிபடுவது குறையும். கொழும்பில் அலியன், பிரீமியோ, பிரியஸ் எல்லாம் ஓடும் அளவு இது, கனடாவிலும் மலிவாக, எல்லா மொடலிலும் கிடைக்கும். ரிம் வாங்கும்போது ஐந்து துளை, 100 மி.மீ வட்டம், நடுத்துளை 54.1 மி.மீ என்று கேளுங்கள். நடுத்துளை பெரிதான பொது ரிம் என்றால் இடைவளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் 90 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். நட்டின் அடிப்பகுதி ரிம்மோடு பொருந்த வேண்டும். கூம்பு நட்டுக்கு வெட்டிய ரிம்மில் தட்டை வாஷர் நட்டைப் பூட்டினால் அது இறுகினது போல நடித்துவிட்டுத் தெருவில் தளரும். இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர், அங்கே கராஜில் 76 அடி-இறாத்தல் என்பார்கள். பூட்டி 80, 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருக்கா மறுபடியும் இறுக்கிப் பாருங்கள்.

தனி ரிம் செலவு போலத் தோன்றும், ஆனால் கணக்கில் மிச்சம். ரிம் இல்லாவிட்டால் வருடத்துக்கு இரண்டு தடவை டயரை ரிம்மில் இருந்து கழற்றி, ஏற்றி, பலன்ஸ் செய்யக் கூலி. ஒவ்வொரு தடவையும் டயரின் விளிம்பு கொஞ்சம் அடிபடும். ரிம்மோடு இருந்தால் ஜாக்கியும் முறுக்குச் சாவியும் இருக்கிற எவரும் வீட்டிலேயே முக்கால் மணித்தியாலத்தில் மாற்றலாம். டயர்ச் செலவைப் பற்றியும் ஒன்று: வின்டர் டயர் ஓடும் மாதங்களில் ஓல் சீசன் தேய்வதில்லை. இரண்டு செட்டும் பாதிப் பாதி ஓடுவதால் மொத்த இறப்பர் செலவு இரட்டிப்பாகாது, மேலதிகம் என்று சொல்லக்கூடியது ரிம்மும் மாற்றுக் கூலியும்தான்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் டொட் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3523 என்றால் 2023இன் 35ஆவது வாரம். பாவித்த வின்டர் செட் மலிவாக வரும், அதில் ஆறு வருடத்துக்கு மேல் போனதை விட்டுவிடுங்கள். பூ ஆழமாக இருந்தாலும் இறப்பர் காய்ந்து விறைத்திருக்கும், நீங்கள் காசு கொடுப்பது மெதுமைக்குத்தான். அங்கே ஆழத்தை அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள். புது வின்டர் டயர் 10, 11 பங்கு, அதாவது 8 மி.மீக்குக் கூட. 5 பங்கு, 4 மி.மீ வந்ததும் வின்டர் வேலைக்கு அது முடிந்தது. சட்டத்தின் 1.6 மி.மீ கோடு வரை காத்திருப்பது கோடைக்கான கணக்கு. சுமைக் குறியீடு காரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருப்பதற்குக் குறையக் கூடாது. வேகக் குறியீடு குறையலாம். அந்தக் குறியீட்டு எழுத்து ஆர் என்றால் மணிக்கு 170 கிலோமீற்றர், எவரும் அங்கே அப்படி ஓடப் போவதில்லை.

நீங்கள் நவம்பரில் இறங்குவதால் டயர்க் கடைகள் நிரம்பி வழியும் காலம். முதல் பனி விழுந்த அடுத்த நாள் இரண்டு, மூன்று கிழமை பின் தள்ளி நேரம் கொடுப்பார்கள், உங்கள் அளவும் முடிந்திருக்கும். சிநேகிதரிடம் சொல்லி ஒக்டோபரிலேயே செட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள், காரை எடுக்கும் அன்றே பூட்டலாம். பிறகு வரும் வருடங்களில் ஒக்டோபர் நடுவில் போட்டு ஏப்ரல் நடுவுக்குப் பின் கழற்றுங்கள். மே வந்தும் கழற்றாமல் ஓடினால் இருபது பாகையில் அந்த மெதுவான இறப்பர் பென்சில் அழிப்பான் கணக்கில் தேயும். புதிதாகப் போட்டதும் முதல் 300, 500 கிலோமீற்றருக்குப் பலமாகப் பிரேக் பிடிக்காமல், வேகமாக வளைக்காமல் ஓடுங்கள். அச்சில் இருந்து வந்த மெழுகுப் படலம் போக வேண்டும்.

கழற்றும் செட்டில் எது எந்தச் சில்லு என்று சோக்கட்டியால் எழுதுங்கள். உப்பைக் கழுவி, காய வைத்து, கறுப்புப் பையில் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஹீட்டர் மோட்டார், வெல்டிங் செய்யும் இடம் பக்கத்தில் வேண்டாம், ஓசோன் இறப்பரை வெடிக்க வைக்கும். ரிம்மோடு என்றால் படுக்க அடுக்கலாம், ரிம் இல்லாவிட்டால் நிமிர்த்தி வையுங்கள். ஹப்பும் ரிம்மும் தொடும் இடத்தில் உப்புத் துரு பிடிக்கும். கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டுத்தான் அடுத்த செட்டைப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரிம் சீராக உட்காராது.

காற்று அமுக்கம் கொழும்பில் மாதத்துக்கு ஒரு தடவை பெற்றோல் செட்டில் அடித்தால் சரி. அங்கே அது தினசரிக் கதை. 5, 6 பாகை இறங்கினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ குறையும். 20 பாகை கராஜுக்குள் 33 அடித்து, வெளியே −30இல் நிறுத்தினால் 25இல் நிற்கும். டயர் எச்சரிக்கை விளக்கு அனேகமான கார்களில் பரிந்துரைத்த அளவில் கால்வாசி குறைந்ததும் எரியும், ஆகவே பெரிய குளிர் வந்த காலையில் எல்லோருக்கும் அந்த மஞ்சள் விளக்கு எரிவது பஞ்சர் இல்லை. வெளியே நின்ற குளிர் டயரில் அளந்து, கதவுச் சட்டத்து அளவுக்கு அடியுங்கள். சூடான கராஜில் அடிக்க நேர்ந்தால் வித்தியாசத்துக்கு ஏற்பக் கூட்டுங்கள். வால்வு மூடி கட்டாயம். ஈரம் உள்ளே போய் உறைந்தால் வால்வு திறந்தபடி நின்று காற்று முழுக்கப் போகும். உலோக மூடி உப்பில் இறுகிப் பிடிக்கும், பிளாஸ்டிக் மூடியே நல்லது. −30இல் இரவு முழுக்க நின்ற கார் காலையில் புறப்படும்போது டயர் சதுரமானது போலத் தட் தட் என்று அடிக்கும். தரையில் பட்ட இடம் தட்டையாகி விறைத்ததுதான் அது, சில கிலோமீற்றரில் சரியாகும், கராஜுக்குக் கொண்டு போய்க் காசு கொடுக்க வேண்டாம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. அல்பேர்ட்டாவில் வின்டர் டயர் கட்டாயம் இல்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலான மலைப் பாதைகளுக்கு ஒக்டோபர் 1இல் இருந்து குறைந்தது 3.5 மி.மீ ஆழமுள்ள எம் பிளஸ் எஸ் அல்லது பனிப்பூ டயர் வேண்டும்; வன்கூவர் சொந்தங்களைப் பார்க்க நத்தாருக்குக் காரில் கிளம்பும்போது இது உங்களைத் தொடும். ஒன்ராறியோவில் வின்டர் டயருக்குக் காப்புறுதிக் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016இல் இருந்து விதி. அல்பேர்ட்டாவில் அப்படி விதி இல்லை, இருந்தும் சில கம்பனிகள் கொடுக்கும், கேட்டுப் பாருங்கள்.

அக்வா. அந்த நாலையும் கனடாவுக்குக் கொண்டு போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 175/65 ஆர்15 கொரோலாவின் அளவு இல்லை, கப்பல் கூலிக்குப் புதிது வாங்கலாம். தம்பி இங்கே ஓட்டலாமா என்பதுதான் முக்கியம். −20க்குக் கலந்த இறப்பர், காலி வீதியில் நடுப்பகலில் ஐம்பது பாகையைத் தாண்டும் தாரில் உருளுகிறது. கீறல் விழுந்த மெதுவான கட்டைகள் ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைந்து சாயும்; ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி அரைக் கணம் தாமதித்துத் திரும்புவதைப் போல இருக்கும். ஈரத் தாரில் சாதாரண டயரை விடத் தள்ளித்தான் நிற்கும். நம் மழை விழுவது சூடான தாரில், அந்தக் கீறல்களும் நுண்துளைகளும் ஐஸின் மேல் இருக்கும் மெல்லிய படலத்துக்குச் செய்தவை. தெற்கு அதிவேகப் பாதையில் நூறில் ஓடும்போது சூடு ஏறி இன்னும் கெதியாகத் தேயும். சத்தம் குறைவு, சொகுசு என்று விற்பவர் சொல்வது உண்மைதான், மெதுவான இறப்பர் அப்படித்தான் இருக்கும்.

2025இல் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு இறங்கிய ரீகண்டிஷன் கார்களில், குளிர்காலத்தில் ஏலம் போனவை ஸ்டட்லெஸ்ஸோடு வருவது சாதாரணம். பக்கவாட்டில் ஸ்டட்லெஸ் என்ற சொல், அல்லது பிளிசாக், ஐஸ்கார்ட், வின்டர் மெக்ஸ் போன்ற பெயர்கள் இருந்தால் அதுதான். எழுத்து தேய்ந்திருந்தால் கட்டையின் மேல் அலை அலையான மெல்லிய கீறல்கள் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள், நகத்தால் அழுத்தினால் சாதாரண டயரை விட அமுங்கும். காடிக்குள் இரண்டு உயரத்தில் மேடு இருக்கும்: உயரமானது பாதி தேய்ந்ததும் தெரியும், ஜப்பான்காரர் அத்தோடு பனிக்குப் பாவிப்பதை நிறுத்திவிடுவார். கோடையில் அதை ஓட்டித் தீர்ப்பவர்களும் அங்கே உண்டு, அதனால் பூ இருக்கிறது என்று மயங்க வேண்டாம்.

புது நாலு உடனே வாங்க முடியாவிட்டால் தம்பி நகருக்குள் மட்டும், மழையில் இடைவெளி விட்டு, கொஞ்ச நாள் ஓடட்டும், அதிவேகப் பாதை வேண்டாம். இரண்டு மட்டும் வாங்கக் காசு இருந்தால் புதிய இரண்டையும் பின் சில்லுக்குப் போட்டு, மற்ற இரண்டையும் அடுத்த சம்பளத்தில் மாற்றுங்கள். பஞ்சிகாவத்தையிலோ வேறு எங்கோ வாங்கினாலும் டொட் இலக்கத்தைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம், பூட்டியதும் வீல் அலைன்மென்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.